எல்எஃப்சிஎஸ்: 61-இல் விழுந்தேன், 82-இல் எழுந்தேன், நடுவில் ஒரு .கான்ஃப்

நேற்று மதியம் எல்எஃப்சிஎஸ் (லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் சிஸ்டம் அட்மின் சான்றிதழ்ப் பரீட்சை) ரிசல்ட் மெயில் வந்தது. 82. பாஸுக்கு 67 போதும். போன தடவை 61 வாங்கி, இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தவள் நான்தான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இரண்டு மணி நேரம், முழுக்க டெர்மினல், ஒரு ரீடேக் இலவசம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பாடத்திட்டமும் எல்லாரும் பார்த்ததுதான். அதில் 'ஆபரேஷன்ஸ் டிப்ளாய்மென்ட்' பகுதியின் முதல் வரி என்ன? கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பாராமீட்டர்களை, அதாவது அதன் செட்டிங்குகளை, நிலையாகவும் தற்காலிகமாகவும் மாற்றுவது. நான் அந்த வரியைப் பார்த்து, "ப்பூ, இதுதானா" என்று தாண்டிப்போனேன். மொத்தக் கதையும் அந்த 'ப்பூ'தான்.

(எந்தக் கேள்வி வந்தது என்று சொல்ல மாட்டேன், வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினோம். கீழே உள்ள உதாரணங்கள் எல்லாம் என் பிராக்டீஸ் மெஷினில் நடந்தவை. கமாண்டுகளை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்.)

வாரம் முழுக்க ஓசூரில் ஹாஸ்டல், ஒரு கம்பெனியில் சிஸ்டம் சப்போர்ட் வேலை. சனி ஞாயிறு காரிமங்கலம், வீடு. ஹாஸ்டல் அறையில் மூன்று பேர் என்பதால் பரீட்சை வீட்டில்தான் எழுத முடியும், படிப்பும் பாதி வீட்டில்தான். லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம், பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. விர்ச்சுவல் மெஷினில் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) உபுண்டு லினக்ஸ் போட்டிருந்தேன். ரீபூட் பண்ணினால் மூன்று நாலு நிமிஷம் மூச்சு வாங்கும். அதனால் ரீபூட்டே பண்ண மாட்டேன். செய்து பார்ப்பேன், மதிப்பு மாறிவிட்டதா என்று பார்ப்பேன், மாறியிருந்தால் டிக், அடுத்தது. மூன்று மாதம் இப்படியே போனது.

முதல் தடவை 61 வந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "என்ன பாப்பா, போயிருச்சா? சரி வா, களி ஆறிப்போவுது." அப்பா மட்டும் மறுபடி எழுத எவ்வளவு செலவு என்று விசாரித்தார். இலவசம் என்றேன். "அப்புறம் என்ன?" என்று பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஏற்றப் போய்விட்டார். மெயிலில் மார்க் மட்டும்தான் இருக்கிறது, எந்தக் கேள்வியில் போனது என்று இல்லை. நல்லாத்தானே செய்தோம், திருத்தியதில்தான் தப்பு என்று மனசு சொன்னது. ஃபெயிலான எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும்.

அப்புறம் மே மாதக் காற்று மழை. எங்கள் பக்கம் மாங்காய் சீசனில் இப்படி ஒரு காற்று அடித்தால் தோப்பில் பாதி காய் கீழே, கரண்ட்டும் கீழே. ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு நெட்வொர்க்கில் வருவதை இன்னொன்றுக்குக் கடத்திவிடும் செட்டிங், 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப்) நிலையாக்கி வைத்துவிட்டு வேறு ஏதோ பண்ணிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது, லேப்டாப்பும் செத்தது, உள்ளே இருந்த மெஷினும் செத்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து திறந்து பார்த்தால் நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட் மறுபடி 0.

ஃபைல் இருக்கிறது. கர்னல் செட்டிங் ஃபைல்களுக்கான ஃபோல்டர் /எட்சி/சிஸ்சிடிஎல்.டி-க்குள் நான் எழுதிய '90-ரவுட்டிங்' இருக்கிறது. உள்ளே எழுத்துப் பிழை இல்லை. கர்னல் மதிப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் இருக்கிற கமாண்ட் சிஸ்சிடிஎல். சிஸ்சிடிஎல் -பி போட்டு அந்த ஃபைல் பெயரைக் கொடுத்தால் சமர்த்தாக 1 ஆகிறது. ரீபூட் பண்ணினால் 0. மறுபடி -பி, 1. மறுபடி ரீபூட், 0. பேய் பிடித்த மாதிரி பத்தரை மணி வரை இதையே பண்ணினேன்.

கடைசியில் சிஸ்சிடிஎல் --சிஸ்டம் என்று போட்டேன். அது எந்தெந்த ஃபைலை எடுத்துப் போடுகிறது என்று வரிசையாகச் சொல்லும். பட்டியலில் 10-இல் தொடங்குகிற உபுண்டுவின் ஃபைல்கள் இருந்தன, என்னுடையது இல்லை. மேன் சிஸ்சிடிஎல்.டி என்று அதன் மேனுவல் பக்கத்தைத் திறந்து மேல் வரிகளைப் படித்தால்: அந்த ஃபோல்டரில் .கான்ஃப் என்று முடிகிற ஃபைல்களை மட்டும்தான் பூட் ஆகும்போது படிக்கும். என் ஃபைல் பெயரில் அது இல்லை. -பி போடும்போது நானே பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் வந்தது, பூட்டின்போது யாரும் கூப்பிடவில்லை.

மூன்று மாதமாக நான் எழுதிய ஒரு ஃபைலிலும் .கான்ஃப் இல்லை. பரீட்சையிலும் அதே கைப்பழக்கம்தானே வந்திருக்கும். அது ஒன்றே ஆறு மார்க்கைத் தின்றது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அன்று ராத்திரி மற்ற பழக்கங்களையும் தோண்டிப் பார்த்தேன், எல்லாம் ஒரே வியாதி. சர்வீஸை ஸ்டார்ட் பண்ணியிருக்கிறேன், பூட்டில் தானாக ஓடும்படி எனேபிள் பண்ணவில்லை. டிஸ்க்கை மவுண்ட் பண்ணியிருக்கிறேன், எஃப்எஸ்டேபில் (பூட்டில் எந்தெந்த டிஸ்க்கை மவுண்ட் பண்ண வேண்டும் என்கிற பட்டியல் ஃபைல்) வரி இல்லை. எல்லாம் நீர்மேல் எழுத்து.

எனக்குப் பிறகு புரிந்தது இப்படி. ஒவ்வொரு மதிப்பும் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று ஓடிக்கொண்டிருக்கிற கர்னலுக்குள், அதுதான் /ப்ராக்/சிஸ் வழியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே ஃபைல் மாதிரித் தெரிவது டிஸ்க்கில் இருக்கிற ஃபைலே இல்லை. இன்னொன்று டிஸ்க்கில், /எட்சி-க்குள். முதலாவதை மாற்றினால் இப்போது வேலை செய்யும், கரண்ட் போனால் போய்விடும். இரண்டாவதை மட்டும் மாற்றினால் அடுத்த பூட் வரை ஒன்றுமே நடக்காது, இப்போது பார்த்தால் பழைய மதிப்புதான் இருக்கும். முதலாவது வாசலில் போட்ட கோலம் மாதிரி, இரண்டாவது தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கிற நடுகல் மாதிரி. கேள்வி எதைக் கேட்கிறது, 'இப்போது'வா, 'ரீபூட்டுக்குப் பிறகும்'ஆ, இரண்டுமா? இதைப் படிக்காமல் கையை வைக்காதீர்கள்.

சரி, ஷெல்லில் நான் அடிவாங்கிய இடங்கள்:

– சூடோ எக்கோ 1 > /ப்ராக்/சிஸ்/... என்று போட்டால் பர்மிஷன் டினைட். அட்மின் அதிகாரம் தருகிற சூடோ போட்டும் ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த > வேலையைச் செய்வது எக்கோ இல்லை, உங்கள் ஷெல். அது சூடோவுக்கு முன்பே, சாதாரண யூசராக ஃபைலைத் திறக்கப் போய்த் திட்டு வாங்குகிறது. எக்கோவை | சூடோ டீ-க்கு அனுப்புங்கள், டீ என்பது வந்ததை ஃபைலில் எழுதுகிற கமாண்ட்.

– டீ-க்கு -ஏ போடாவிட்டால் ஃபைலில் பழையது எல்லாம் அழியும். > போட்டாலும் அப்படித்தான், >> தான் கீழே சேர்க்கும். /எட்சி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் முழுவதையும் ஒரே வரியாக்கிய பெருமை எனக்கு உண்டு.

– சிஸ்சிடிஎல் -டபிள்யூ போடும்போது = குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி விடாதீர்கள். ஷெல் அதை மூன்று துண்டாக வெட்டிக் கொடுத்துவிடும். ஃபைலுக்குள் இடைவெளி விட்டால் ஒன்றும் ஆகாது.

– இரண்டு எண் வாங்குகிற மதிப்பு, உதாரணத்துக்கு லோக்கல் போர்ட் ரேஞ்ச், 32768 60999. டெர்மினலில் தட்டும்போது மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஃபைலுக்குள் மேற்கோள் குறி போடக் கூடாது. இதில் நான் அரை மணி நேரம் தொலைத்தேன்.

– சிஸ்சிடிஎல் -பி என்று மட்டும் போட்டால் /எட்சி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் ஒன்றைத்தான் படிக்கும். எல்லா ஃபோல்டரும் வேண்டுமென்றால் --சிஸ்டம்.

– பெயரை மனப்பாடம் பண்ணாதீர்கள். சிஸ்சிடிஎல் -ஏ | கிரெப் ஸ்வாப் என்றால் விஎம்.ஸ்வாப்பினெஸ் = 60 என்று அதுவே வந்து நிற்கும். பெயர் நினைவில் இல்லாதது ஒரு குறையே இல்லை.

– ஒரே மதிப்பு இரண்டு ஃபைலில் இருந்தால் கடைசியாகப் படிக்கப்படுவதுதான் ஜெயிக்கும். வரிசை ஃபைல் பெயர்ப்படி. அதனால்தான் எல்லாரும் 99 என்று ஆரம்பிக்கிறார்கள், ராசி எண் ஒன்றும் இல்லை.

– பிரிட்ஜ் என்எஃப் கால் ஐபிடேபிள்ஸ் மாதிரிச் சில மதிப்புகள், பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூல் (கர்னலோடு தேவைப்படும்போது சேர்கிற துண்டு) ஏறும் வரை இருக்கவே இருக்காது. 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று வந்தால் உடனே எழுத்துப் பிழை என்று நினைக்காதீர்கள். அந்த மாட்யூலும் ரீபூட்டுக்குப் பிறகு தானாக ஏற /எட்சி/மாட்யூல்ஸ்-லோட்.டி-யில் ஒரு வரி வேண்டும். அங்கேயும் .கான்ஃப்!

இனி நான் செய்த தந்திரம். இது ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், மற்றதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். கரண்ட் கட் எனக்குக் கற்றுக்கொடுத்ததை நானே கரண்ட் கட்டாக மாறிச் செய்தேன். பிராக்டீஸ் மெஷினில் ரூட்டின் (அட்மின் யூசர்) கிரானில், அதாவது குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டுகிற பட்டியலில், ஒரு வரி: மணிக்கு ஒரு தடவை ரீபூட். கேட்காது, எச்சரிக்காது. நான் எஃப்எஸ்டேப் பாதி எழுதிக்கொண்டிருந்தாலும் போய்விடும். முதல் வாரம் கண்ணீர் வந்தது, ஒரு தடவை எஃப்எஸ்டேபில் தப்பு எழுதி மெஷின் எழவே இல்லை, அதைச் சரிபண்ணக் கற்றுக்கொண்டதும் பாடத்திட்டத்தில் இருக்கிற ஒன்றுதான். மூன்றாவது வாரம் என் கை தானாக இரண்டு இடத்திலும் எழுத ஆரம்பித்தது. தற்காலிகமாக ஒரு தடவை, ஃபைலில் ஒரு தடவை, --சிஸ்டம், பிறகு சிஸ்சிடிஎல் -என் போட்டுப் பார்ப்பது. இந்த நாலும் சேர்ந்து ஒரே மூச்சு.

பொறுமைசாலிகள் ஸ்னாப்ஷாட் எடுத்து, பட்டியல் போட்டு, வாரக் கடைசியில் ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பார்க்கலாம். நான் அந்த ரகம் இல்லை. தலையில் குட்டினால்தான் எனக்கு ஏறும்.

அதே நோய்க்கு மற்ற இடங்களில் மருந்து, வேகமாக:

சர்வீஸ்: எனேபிள் --நவ், ஒரே கமாண்டில் இரண்டும்.
எஸ்இலினக்ஸ் பூலியன் (பாதுகாப்பு விதிகளின் ஆன்/ஆஃப் சுவிட்ச்): செட்எஸ்இபூல்-உடன் பெரிய எழுத்து பி.
மவுண்ட், ஸ்வாப்: எஃப்எஸ்டேப், பிறகு ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை.
ஐபி முகவரி: ஐபி ஆட்ர் போட்டது பூட்டோடு போய்விடும், நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங் ஃபைல்) எழுதுங்கள்.
ஹோஸ்ட்நேம்: ஹோஸ்ட்நேம்சிடிஎல். வெறும் ஹோஸ்ட்நேம் கமாண்ட் அடுத்த பூட் வரைக்கும்தான்.

கில்லர் ஷெல் என்கிற மாதிரிப் பரீட்சை இரண்டு தடவை தருகிறார்கள், ஒவ்வொன்றும் 36 மணி நேரம். இரண்டையும் ரீடேக்குக்கு முந்தின வாரம்தான் திறந்தேன், முதல் தடவையே திறந்திருக்க வேண்டும். நிஜப் பரீட்சையைவிட அது கஷ்டம், பயப்பட வேண்டாம். அங்கே ஒரு மெஷினுக்குள் எஸ்எஸ்ஹெச் போய், வெளியே வர எக்சிட் அடிக்க மறந்து, அடுத்த கேள்வியை அங்கேயே செய்து மூன்று கேள்வியை வீணாக்கினேன். அப்போதிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் முதல் கமாண்ட் ஹோஸ்ட்நேம், எந்த மெஷினில் இருக்கிறேன் என்று அது சொல்லிவிடும்.

பரீட்சை நாள் பற்றிக் கேட்பீர்கள். இனிஷியல் பிரச்சினை நம்மவர்களுக்கென்றே எழுதி வைத்தது: பதிவில் பெயரோடு ஒற்றை எழுத்து கொடுத்திருந்தேன், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், முந்தின நாள்தான் திருத்தினேன். கேமராவில் அறை முழுக்கக் காட்டச் சொல்வார்கள், சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் கழற்றி வைத்தேன். தண்ணீர் பாட்டிலில் லேபிள் இருக்கக் கூடாது. வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள், சாட்டில் எச்சரிக்கை வரும், எனக்கு வந்தது. தம்பி வாசலில் காவல். அப்படியும் பக்கத்து வீட்டு அக்கா "பாப்பா இருக்காளா, புளி கொஞ்சம் வேணும்" என்று கேட்டது எனக்குக் கேட்டது. உள்ளே வரவில்லை, அந்த வரைக்கும் புண்ணியம்.

அன்றைக்கு இன்வெர்ட்டர் கடன் வாங்கி வைத்திருந்தேன், கரண்ட் போகவே இல்லை.

கிரானில் அந்த ரீபூட் வரியை இன்னும் எடுக்கவில்லை. பாலக்கோட்டில் சித்தி பெண் இதே பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறாள், மெஷினை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுக்கப் போகிறேன், வரி இருப்பதைச் சொல்லப்போவதில்லை. இதையும் அந்த மெஷினுக்குள்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். மணி 6:57. சேவ் பண்ண வேண்டும்.