வரத்துக் காலில் தொடங்கிய கோடை

அக்னி நட்சத்திர வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மே மாதத்தில் 12 நாள்கள், மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் 22 பிள்ளைகளுடன் தங்கியிருந்தேன். பத்தாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் எழுதி முடித்த, 15 முதல் 17 வயது வரையிலான மாணவ மாணவியர் அவர்கள். ஊர் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக் காலைச் செப்பனிடுவது, பிறகு ஊருக்கு வெளியே உள்ள பாறையில் கயிறு கட்டி ஏறப் பழகுவது, முடிவில் மிதிவண்டியில் அரிட்டாபட்டி சென்று வருவது என்று திட்டமிட்டிருந்தோம். ஆசிரியையாக எத்தனையோ முகாம்களுக்குப் போயிருக்கிறேன். இந்த முகாமைப் பற்றி மட்டும் எழுதிவைத்தே தீர வேண்டும் என்று தோன்றியது.

நான் பள்ளியில் படித்தபோது நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவள். 1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட திட்டம் அது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதில் உண்டு. அந்த ஏழு நாள்களில் நாங்கள் செய்த வேலை என்னவென்று இன்று யோசித்தால், கோயில் வாசலைப் பெருக்கியதும் படத்துக்கு நின்றதும்தான் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளை அழைத்து வந்து, செய்தாலும் செய்யாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத வேலையைக் கொடுப்பது அவர்களை மதிக்காத செயல் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த முறை ஊர்க்காரர்களிடமே கேட்டோம். மேலக் கண்மாய் நிறைந்து மறுகால் போனாலும் ஊருணிக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை, கால் தூர்ந்துவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள்.

முதல் மூன்று நாள்கள் சீமைக் கருவேல முள்ளோடு போனது. அந்த முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும் என்பதால், கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி இல்லாதவர்களைத் தண்ணீர் சுமக்கவும் வெட்டிய கிளைகளைக் கவைக்கம்பால் இழுக்கவும் நிறுத்தினோம். காலை ஐந்தரைக்கு மண்வெட்டியும் சாந்துச் சட்டியுமாக இறங்கினால் ஒன்பது மணிக்குக் கரையேறிவிட வேண்டும். கண்மாய்த் தண்ணீரைத் திறந்து பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாக ஊரில் இருந்த பெரியவர், பிள்ளைகளுக்கெல்லாம் தாத்தா, தினமும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது காலின் நடுவில் ஆழமாகத் தோண்டினால், "குழி வெட்டாத தம்பி, சரிவு வெட்டு" என்று குரல் கொடுப்பார்.

நான்காம் நாள், தார்ச் சாலைக்குக் குறுக்கே கால் கடந்து போகும் இடத்துக்கு வந்தோம். சாலைக்கு அடியில் சிமெண்டுக் குழாய் ஒன்று புதைத்திருந்தது. அதற்கு முன்னால் குவிந்திருந்த நெகிழிக் குப்பையை அள்ளினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, குழாயின் வாய் தரையைவிட உயரமாக இருப்பதுபோல் தெரிகிறது என்று தயங்கிச் சொன்னாள். அவளுடைய தந்தை கொத்தனார். மறுநாள் வீட்டிலிருந்து டியூப் மட்டம் வந்து சேர்ந்தது: பத்து மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் குழாய், உள்ளே தண்ணீர். குழாயில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டு, ஒரு முனையைக் காலின் தரையில் ஊன்றிய குச்சியோடும் மறுமுனையைச் சிமெண்டுக் குழாயின் வாயருகிலும் பிடித்தார்கள். இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்ற ஒன்பதாம் வகுப்புப் பாடம், எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கும் காட்சியாக மாறியது. குழாயின் அடிப்பகுதி காலின் தரையைவிட 14 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. முனைகளை மாற்றிப் பிடித்து மேலும் இரண்டு முறை அளந்தார்கள், அதே 14.

தாத்தா எழுந்து வந்து பார்த்தார். "ரோட்டை ஒசத்துனாங்க தாயி, கூடவே குழாயையும் ஒசத்திட்டாங்க" என்றார். தண்ணீர் ஏன் வரவில்லை என்பது அந்த ஊருக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும்; எவ்வளவு உயரத்தால் வரவில்லை என்பது அன்றுதான் எண்ணாகத் தாளில் ஏறியது.

ஏழாம் நாள் பாறைக்குப் போனோம். பயிற்சி பெற்ற மலையேற்றப் பயிற்றுநர் ஒருவர் துணைக்கு இருந்தார். ஆனாலும் பெற்றோர்களின் அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போயிருந்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், தீக்காயம் பட்டவர்களை மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததையும் எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் கோடையில் காட்டுப் பக்கமே போகாமல், ஊரையொட்டிய பாறையைத் தேர்ந்தெடுத்தோம்.

ஏறுபவரைவிடக் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவருக்கே பொறுப்பு அதிகம். அவர் இடுப்புப் பட்டையிலுள்ள கருவியின் வழியே கயிறு போகிறது. ஏறுபவர் மேலே போகப் போகத் தொய்வை இழுத்துக்கொண்டே வர வேண்டும். கயிற்றின் கீழ்ப்பகுதியைப் பிடித்த கை எந்த நிலையிலும் அதை விடக்கூடாது. டியூப் மட்டம் கொண்டுவந்த அதே மாணவி, தன்னைவிடப் பதினைந்து கிலோ கூடுதல் எடையுள்ள பையனுக்குக் கயிறு பிடித்தாள். அவன் பாதியில் கால் வழுக்கித் தொங்கியபோது அவள் உடல் ஓரடி முன்னால் இழுபட்டது. கை மட்டும் தொடையோடு ஒட்டியபடியே இருந்தது. கீழே இறங்கியதும் அவன் முதலில் அவளிடம்தான் போனான்.

மறுநாள் ஒரு தவறு செய்தேன். கயிறுகளைச் சரிபார்த்து முடிக்கவே எட்டு மணி தாண்டிவிட்டது. அன்றைக்கு ஏற்றத்தை நிறுத்தியிருக்க வேண்டும். ஆசையோடு காத்திருந்த முகங்களைப் பார்த்து நிறுத்த மனம் வரவில்லை. ஒன்பதரைக்குப் பாறை கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணுக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தன. நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணி போர்த்தி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுத்தோம். பிறகு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். மாலைக்குள் தேறிவிட்டாள். இரவு அவளுடைய அம்மாவிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிரவு பிள்ளைகளே கூடிப் பேசி, எட்டரைக்குக் கயிறு இறங்கும், யாருடைய முறை மிச்சமிருந்தாலும் இறங்கும் என்று விதி வகுத்தார்கள். அடுத்த நாள் கடைசியாக நின்ற பையனின் முறை வருவதற்குள் எட்டரை ஆனது. முடிச்சை அவனே அவிழ்த்தான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதினோராம் நாள் விடியுமுன் அரிட்டாபட்டிக்குப் புறப்பட்டோம். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, 193 ஹெக்டேர் பரப்புள்ள இடம் அது. பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டையும் குடைவரைக் கோயிலையும் பார்த்தோம். லகுடு வல்லூறு என்ற வேட்டைப் பறவையைப் பார்க்கும் பேறு மட்டும் கிட்டவில்லை. ஆனால் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது அங்கே வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்தைப் பற்றித்தான். 2024 நவம்பரில் சுரங்க உரிமைக்கான ஏலம் முடிந்த செய்தி வந்ததும் சுற்றுவட்டாரக் கிராம சபைகளில் தீர்மானம் போட்டதையும், டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதையும், 2025 சனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததையும் சொன்னேன். "கிராம சபையில நாமளும் தீர்மானம் கேட்கலாமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான்.

கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே உறுப்பினர்கள். இவர்களில் ஒருவருக்கும் 18 வயது ஆகவில்லை. ஆகவே மனுவைப் பிள்ளைகள் எழுதுவது, ஆகஸ்ட் 15 கூட்டத்தில் தாத்தா அதை வாசிப்பது என்று முடிவானது. ஐப்பசி மழைக்கு முன்னால் குழாயை இறக்கிப் பதித்துவிட வேண்டும் என்பதே கோரிக்கை. சென்ற சனிக்கிழமை நான்கு பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனுவைப் படியெடுத்தார்கள். வரைபடத்தில் சாலை, குழாய், கால் மூன்றையும் போட்டு, 14 என்ற எண்ணைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். தாத்தாவுக்குக் கண் மங்கல் என்பதால் எழுத்தைப் பெரிதாக்கி மறுபடியும் எழுத வேண்டும் என்று அவர்களே சொல்லி, இன்னும் ஐந்து தாள் வாங்கிக்கொண்டு போனார்கள்.