மைதானத்துத் தண்ணீர்

நீலகிரியில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து ஆறு நாள். குடத்தோடு மேட்டில் நிற்கிறேன். கீழே கோல்ஃப் மைதானத்தில் சுழன்று சுழன்று பீய்ச்சுகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சித்தி அங்கேதான் களை எடுக்கிறார். “பந்து விழற குழியைச் சுத்திப் புல்லை மூணு நாலு மில்லிமீட்டர்தான் விடுவாங்க. ஒரு நாள் தண்ணி காட்டலேன்னா கருகிடும்டா” என்று வக்காலத்து வாங்குகிறார். தங்கச்சி நர்சிங் படித்ததே அந்தக் கூலியில்தான். நான் என்ன பேசுவது!

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு 1829-லேயே கல்கத்தாவில் கிளப் வந்துவிட்டது. நீலகிரிக்கு ஏறி வந்த வெள்ளைக்காரர்களுக்கு மரம் வெட்டத் தேவையில்லாத புல்வெளி தயாராக இருந்தது. தோடர் எருமைகள் மேய்ந்த புல். சோலைக் காடும் புல்லுமாகச் சேர்ந்து மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடையாகக் கசியவிடும் நிலம் அது. சரி, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அந்தப் புல்வெளியில் தின்றது இதைவிடப் பல மடங்கு. மைதானத்தை மட்டும் திட்டினால் பாவம்.

அப்புறம், நேற்று சாயங்காலம் ஏழு காட்டுமாடுகள் அந்த ஈரப் புல்லில் வந்து படுத்துக்கொண்டன. ஆட வந்தவர்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.