கீழ விழுந்து கிடந்த புறாக்குஞ்சு: 9 நாள் பார்த்து எழுதினது

நாள் 1, காலை
ராத்திரி முழுக்க காத்து. விடிஞ்சு போய் பார்த்தா மரத்தடியில ஒரு புறா குறுகி உட்கார்ந்திருக்கு. கிட்ட போனா பறக்கல, உடம்பை உப்பிக்கிட்டு ஒரு ரெக்கையைத் தூக்கி படார்னு அடிச்சுது. முதல்ல ஏதோ சீக்கு வந்த பெரிய புறான்னுதான் நெனச்சேன், அப்புறம் குனிஞ்சு பார்த்தப்பதான் தலையிலயும் கழுத்துலயும் மஞ்சள் முடி மாதிரி அங்கங்க நீட்டிக்கிட்டு இருந்தது தெரிஞ்சுது, வால் கட்டையா இருக்கு, அலகு முகத்துக்கு கொஞ்சம் பெருசா இருக்கு, சரி இது குஞ்சுதான்.

எந்தப் புறான்னு கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆச்சு. படங்கள்ல எல்லாம் பெரிய புறாவோட அடையாளம்தான் இருக்கும், புள்ளிப்புறான்னா பின்கழுத்துல கறுப்புல வெள்ளைப் புள்ளி, கள்ளிப்புறான்னா கறுப்பு வளையம், ஆனா குஞ்சுல அந்தப் புள்ளியும் இருக்காது, வளையமும் சரியா தெரியாது. ரெக்கை ஓரத்துல நீலச்சாம்பல் பட்டை இருந்தா சின்னத் தவிட்டுப்புறான்னு சொல்லலாம், இதுல அது இல்ல, முழுக்க பழுப்பு, ஒவ்வொரு இறகோட நுனியிலயும் வெளிறின ஓரம். புள்ளிப்புறாவா இருக்கும்னு குறிச்சு வெச்சேன், தாய் தகப்பன் வந்தா உறுதி பண்ணிக்கலாம்னு.

அடுத்து அடி பட்டிருக்கான்னு பார்க்கணும். ரெண்டு கையாலயும் ரெக்கையோட சேர்த்து மெதுவா எடுத்தேன் (புறாவுக்கு பயத்துல இறகு கொத்தா உதிரும், இறுக்கிப் பிடிக்கவே கூடாது). ரெண்டு ரெக்கையும் ஒரே மாதிரி மடங்கி இருக்கு, கால் விரலைப் பிடிக்குது, ரத்தம் இல்ல, பூனைப் பல்லு பட்ட தடம் இல்ல. பூனை வாய் வெச்சிருந்தா மட்டும் காயம் சின்னதா இருக்குன்னு விட்டுடாதீங்க, அந்த எச்சில்ல இருக்குற கிருமி உள்ள போயிடும், அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டி ஆன்டிபயாட்டிக் போடணும்.

எனக்கு முடிவு எடுக்க உதவுனது தீனிப்பைதான். கழுத்துக்கு கீழ நெஞ்சுமேல இருக்குற அந்தப் பையை விரல் நுனியால தொட்டுப் பார்த்தா உள்ள தானியம் நெருடுச்சு. அப்போ காலையில யாரோ ஊட்டியிருக்காங்க, இது அனாதை இல்ல.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, சில வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு குஞ்சை வீட்டுக்குள்ள கொண்டு வந்து டிராப்பர்ல பாலும் தண்ணியும் வாயில விட்டேன், மறுநாள் செத்துப்போச்சு. நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழல் வாய் இருக்கு, சொட்டு விட்டா நேரா நுரையீரலுக்குப் போயிடும்னு அப்புறம்தான் படிச்சேன். பறவைக்கு மாட்டுப்பால் ஆகாது. புறாப்பால்னு சொல்றது வேற, தாயும் தகப்பனும் ரெண்டு பேருமே தீனிப்பையில சுரந்து முதல் சில நாள் அதை மட்டும்தான் ஊட்டும். அதுவும் மத்த குஞ்சு மாதிரி இது வாயைப் பிளந்து கேக்காது, தன்னோட அலகைப் பெரிய புறாவோட வாய்க்குள்ள விட்டு வாங்கிக்கும், அதனால நாம கையில ஊட்டுறது பழகாதவங்களுக்கு ரொம்ப ஆபத்தான வேலை.

நாள் 1, மதியம்
கூடு கண்ணுல பட்டுது. நாலு குச்சியை அடுக்கின மாதிரிதான் கட்டும், காத்துல பாதி சரிஞ்சு தொங்குது. ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடை ஒண்ணுல (மழைத்தண்ணி நிக்கக்கூடாது) காய்ஞ்ச குச்சியும் புல்லும் போட்டு, அதே மரத்துல நிழலான கிளையில கட்டிட்டு குஞ்சை வெச்சேன். மனுஷன் தொட்டா தாய் சேர்க்காதுன்னு சொல்றதை நம்பாதீங்க. வெச்சுட்டு உள்ள வந்து ஜன்னல்ல இருந்து மட்டும் பார்த்தேன்.

1 மணி 40 நிமிஷம் ஒண்ணும் வரல. எடுத்துடலாமான்னு ரெண்டு தடவை கதவு வரைக்கும் போயிட்டேன். அப்புறம் ஒண்ணு வந்து மேல்கிளையில உட்கார்ந்துச்சு, பின்கழுத்து முழுக்க புள்ளி! புள்ளிப்புறாவேதான். குஞ்சு ரெக்கையை உதறிக்கிட்டே அலகை உள்ள விட, ரெண்டும் சேர்ந்து தலையை ஆட்டி ஆட்டி ஊட்டுனதை பார்த்தப்போ நெஞ்சு நெறைஞ்சு போச்சு.

நாள் 2
தூறல். கூடையில ஈரம் தேங்கல. பெரிய புறா ரெண்டு தடவை வந்து ஊட்டுச்சு.

நாள் 4
கூடை காலி. பதறிப்போய் தேடினா புதர் அடியில உட்கார்ந்திருக்கு. பொறந்து ரெண்டு வாரம் வாக்குல கூட்டை விட்டு இறங்கிடும், சில நாள் தரையிலயும் தாழ்ந்த கிளையிலயும் இருக்கும், பெருசுங்க அங்கயே வந்து ஊட்டும், இந்த நேரத்துலதான் நிறைய பேர் அனாதைன்னு தூக்கிட்டு போயிடறாங்க. பூனை ஒண்ணு சுத்திக்கிட்டு இருந்ததால நான் கிளையில ஏத்தி விட்டேன், அவ்வளவுதான் பண்ணேன்.

ஒருவேளை முதல் நாள் பெரிய புறா எதுவுமே வராம இருந்திருந்தா? அதுக்கும் அட்டைப்பெட்டி ரெடியா வெச்சிருந்தேன், மூச்சுக்கு ஓட்டை போட்டு, உள்ள துணி விரிச்சு, ஒரு பக்கம் மட்டும் வெந்நீர் பாட்டிலைத் துணி சுத்தி வெக்கணும், சூடு ஜாஸ்தியானா மறுபக்கம் நகர்ந்துக்கும். உடம்பு சில்லுனு இருக்குற குஞ்சுக்கு எதுவும் ஊட்டக்கூடாது, முதல்ல சூடு, இருட்டு, அமைதி, அப்புறம் பறவை மீட்பு தெரிஞ்சவங்ககிட்ட சேர்த்துடணும். பல நாடுகள்ல காட்டுப்பறவையை அனுமதி இல்லாம வீட்ல வளர்க்கறது சட்டப்படி தப்பு, அதைவிட முக்கியம், கையில வளர்ந்தது மனுஷனைப் பார்த்து பயப்படாது, வெளிய போனா தாக்குப்பிடிக்கறது கஷ்டம்.

நாள் 6
தரையில இருந்து கிளைக்குப் பறந்துச்சு. இறங்குறப்ப தடுமாறுச்சு.

நாள் 9
பெரிய புறா பக்கத்துலயே நின்னு தரையில தானா கொத்துது. அலகை அப்படியே தண்ணியில முக்கி, தலையைத் தூக்காம உறிஞ்சிக் குடிச்சுது, அது புறா இனத்தோட பழக்கம். மஞ்சள் முடி எல்லாம் உதிர்ந்தாச்சு, வால் நீண்டுடுச்சு. கழுத்துல மட்டும் இன்னும் ஒரு புள்ளிகூட வரல, தினமும் பார்த்துக்கிட்டு இருக்கேன். சரிஞ்ச கூட்டுக்கு பெரிய புறா ஒண்ணு காலையில குச்சி கொண்டு வந்துச்சு.