56 ஏ.பி.ஓ.

தபால் நிலைய வரிசையில் எனக்கு முன்னால் எதிர்வீட்டுப் பெண் நின்றிருந்தாள். கையில் துணி சுற்றித் தைத்த பார்சல். முறுக்கும் பருப்புப்பொடியும்.

மேலே முகவரி எழுதினாள். ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அப்புறம் 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவ அஞ்சலகம், பின்கோடு. ஊர் இல்லை, மாநிலம் இல்லை.

"ஊர் பேரே எழுதலையேம்மா, அப்பாவுக்கு எப்படிப் போகும்?" என்றான் பையன். இரண்டாம் வகுப்பு.

"போகும்டா."

போகும்தான். நம் ஊர் பின்கோடு 6-இல் தொடங்கும், ராணுவத்துக்கு 9. ராணுவ அஞ்சல்காரர்கள் படைப்பிரிவு இருக்கும் இடம் தேடிக் கொண்டு சேர்ப்பார்கள். இடம் வெளியே தெரியக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் அந்த வெற்றிடத்தோடுதான் அவள் தினமும் தூங்கப் போகிறாள்.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒருத்தியின் காத்திருப்பு பக்கத்து வீட்டுக்கும் புரியும். எங்கள் தெருவில் இவள் ஒருத்திதான்.

போன மாதம் பையனுக்கு நள்ளிரவில் காய்ச்சல். தனியாக ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே பதினைந்தடி ரோடு. எனக்குத் தெரிந்தது மறுநாள் மாலையில். குடியரசு தினத்துக்கு வீரவணக்கம் என்று பதிவு போட்டவள் நான். நினைத்தால் மனசு வலிக்கிறது.

"எந்நேரமானாலும் கதவைத் தட்டும்மா" என்றேன்.

"சரிக்கா" என்றாள். கண் கலங்கிவிட்டது.

பையன் அந்த 9-ஐ விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.