மச்சானின் புதுக் காரும் ஏலத்தோட்டச் சேறும்

பூப்பாறைப் பக்கம் மழை பிடித்துவிட்டால் ஏலத்தோட்ட மண்பாதையில் ஜீப்தான் போகும். மச்சான் நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் ஆல் வீல் டிரைவ் கார் வாங்கிவிட்டு, "இனி ஜீப் எதுக்கு மாப்ளே?" என்கிறார்.

சங்கதி, இடது வலது சக்கரங்களுக்கு எஞ்சின் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக வைத்த இந்தப் பல்சக்கர அமைப்பு இரு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் பிடியில்லாமல் சுற்றினால், மறுபக்கத்துக்கும் அதே சொற்ப விசைதான். டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ற மின்னணு அமைப்பு, சக்கரத்தின் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரை வைத்து இதைக் கண்டுபிடித்து, வெறுமனே சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். அங்கே தடை கூடியதும் மறுசக்கரத்துக்கும் விசை கூடும். எஞ்சின் சக்தியையும் குறைக்கும்; ஆழச் சேற்றில் அதுவே இடைஞ்சல். நானாக இருந்தால் அங்கே பட்டனை அழுத்தி அந்தக் கன்ட்ரோலை அணைத்துவிடுவேன்.

எங்கள் பழைய ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் இறுகப் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ரோட்டில் அப்படியே வளைத்தால் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட முடியாமல் முறுக்கிக்கொள்ளும். மச்சான் காரில் அந்த வம்பு இல்லை, நடுவில் இருக்கும் கிளட்ச் தேவைக்கேற்ப பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும். ஆனால் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் ஜீப்பின் லோ கியர் அதில் கிடையாது.

அப்புறம், போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது நாலு சக்கர இழுவையால் பிரயோஜனமில்லை. டயரின் பிடிதான் எல்லாம். சேற்றுக்கு ஏற்ற டயர் மாற்றச் சொன்னேன். அவர் சன்ரூஃபைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார்.