தேயாமல் போன எழுத்துகள்

1986-ல் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்போசிங், அதாவது உலோக எழுத்துகளைக் கோத்துப் பக்கம் சேர்க்கும் வேலை, கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். அடித்து முடித்த பக்கங்களைப் பிரித்து, எழுத்துகளை கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், அதனதன் அறையில் திரும்பப் போடுவதுதான் முதலில் கொடுத்த வேலை. எழுத்து கைக்குப் பழகியது அதில்தான்.

காரீயத்தோடு வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து வார்த்த எழுத்துகள். ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் அடி வாங்கி வாங்கி முகம் மழுங்கிவிடும். அந்த வரியில் அது மட்டும் மங்கலாக விழும். எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகைதான் அதிகம் என்பதால் தி, ரு, ம இவைதான் முதலில் தேயும். மூத்த கம்போசிடர் அண்ணாச்சி விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். "தேஞ்சதைத் தனியா போடுடே, உருக்கக் கொடுத்துரலாம்" என்பார்.

கேஸின் ஓரத்தில் சில அறைகளை மட்டும் யாரும் தொடுவதே இல்லை. முன்னால் துதிக்கை மாதிரி சுழி வளைந்த பழைய ணை, லை, ளை, னை. அப்புறம், காலைக் கீழே இழுத்துச் சுழித்த ணா, றா, னா. பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் கொண்டுவந்த சீர்திருத்தத்தை ஒட்டி 1978-ல் அரசு ஆணை வந்து, 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. எங்களுக்கு அது நல்லதுதான். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு தேவையில்லை. ஐகாரக் கொம்பையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கோத்தால் போதும்.

ஒருநாள் அந்த அறையிலிருந்து ஒரு லையை எடுத்துப் பார்த்தேன். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை, வார்த்த அன்றைக்கு இருந்த கூர்மை. பக்கத்து அறையில் முகமே போன தி, அதற்கு மட்டும் மாற்று வாங்க முதலாளி மதுரைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். தேய்ந்தது வேறு, காலம் போனது வேறு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். உருக்கக் கொடுத்தபோது இரண்டும் ஒரே சாக்கில்தான் போயின. எனக்கு மனசு கேட்கவில்லை, ஒரு லையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

1994-ல் கணினிக்கு மாறினேன். சென்ற மாதம், அந்தக் காலத்தில் நான் வடிவமைத்த கோயில் மலரைத் திரும்ப அடிக்கக் கேட்டு வந்தார்கள். கோப்பு திறந்தது. ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. இப்போது எல்லா எழுத்துருவுக்கும் பொதுவான யூனிகோடு முறை. கோப்பில் எதுவும் அழியவில்லை. அந்த லை மாதிரியேதான்.

சரி என்று, அச்சான பிரதியை எதிரே வைத்து 64 பக்கத்தையும் மறுபடி தட்டினேன்.