புக்கிட் மெர்தாஜாம் குன்றில் பெரியம்மாவோடு

ஜூலை வந்துவிட்டால் பினாங்குக் கத்தோலிக்க வீடுகளில் "செயின்ட் ஆன்ஸ் எப்போ போறீங்க?" என்பதுதான் பேச்சு. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் புனித அன்னம்மாள் திருத்தலத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். 26ஆம் தேதி மாதாவின் பெற்றோரான அன்னம்மாள், சுவக்கீன் திருவிழா. அதையொட்டி ஒன்பது நாள் நவநாள் செபம், பல மொழிகளில் திருப்பலி, மெழுகுவர்த்திப் பவனி. சிங்கப்பூரிலிருந்துகூட பஸ் பிடித்து வருவார்கள். நெற்றியில் திருநீறோடு வருகிறவர்கள், ஊதுபத்தி பிடித்த கையோடு மெழுகுவர்த்தியும் பிடிக்கும் சீனப் பாட்டிகள், எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

எனக்குத்தான் போக மனமில்லை. அக்கா புற்றுநோயில் படுத்திருந்தபோது வீட்டில் செபமாலை தவறியதில்லை. அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னோம், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டோம். அக்கா போய்விட்டாள். அதன்பிறகு எனக்குச் செபம் வரவில்லை. கோபம் இருந்தாலாவது கடவுளோடு சண்டை போட்டிருக்கலாம், அதுவும் இல்லை. கேட்க யாராவது இருக்கிறாரா என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சியது. ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒரு சிலர் "விசுவாசம் பத்தலையோ என்னவோ" என்றார்கள். சாவு வீட்டில் இதைச் சொல்கிறவர்களுக்குக் காப்பிகூடக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

பெரியம்மா விடவில்லை. "செபம் பண்ண வேணாம், பை தூக்க வா" என்றார். சரி என்று கிளம்பினேன். ஜார்ஜ்டவுனில் பெர்ரி ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து கொமுட்டர் ரயில், அப்புறம் கிராப் டாக்சி. வழியில் பெரும்பாலும் அவருடைய முழங்கால் வலியைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் கண்ணில் படுவது 2002இல் திறந்த பெரிய கோவில். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய வீடுகளின் கூரைபோல் இரு பக்கமும் கொம்பு தூக்கி நிற்கும். 2019இல் பசிலிக்கா என்ற, ரோம் தரும் சிறப்பு அந்தஸ்து கிடைத்ததும் இத்திருத்தலத்துக்குத்தான். ஆனால் பெரியம்மாவின் கால் நேராகப் போனது குன்றின் பக்கம், 1888இல் கட்டிய பழைய கோவிலுக்கு. 1846இல் இங்கே ஒரு சிறு செபக்கூடம்தான் இருந்தது. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்தில் இந்த வட்டாரத்தைக் கறுப்புப் பகுதி, அதாவது கிளர்ச்சிக்காரர் நடமாடும் பகுதி என்று அறிவித்து, மக்கள் நினைத்தபடி வந்துபோக முடியாமல் செய்துவிட்டார்கள். இத்தனையையும் தாண்டித்தான் இன்று இங்கே கால் வைக்க இடமில்லை.

இன்னொன்று, அன்னம்மாளின் பெயர் விவிலியத்தில் எங்குமே கிடையாது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற எழுத்தில்தான் அவரைப் பார்க்கிறோம். திருச்சபை அதைத் திருநூல் வரிசையில் சேர்க்கவில்லை. பிள்ளையில்லாமல் ஏச்சுக் கேட்டு, அழுது, காத்திருந்த பெண்ணாக அதில் வருகிறார். சந்தேகம் பிடித்த மனத்துக்கு இது நல்ல தீனி. ரயிலிலேயே சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா, "பேரு இல்லேன்னா என்ன? மாதாவுக்கு அம்மா இல்லாமலா இருந்திருப்பாங்க?" என்று முடித்துவிட்டார்.

மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் நெருப்பின் சூடு முகத்தில் அடித்தது. உயரமான மெழுகுவர்த்திகள் பக்கத்துச் சுடரின் வெக்கையில் இடுப்பு மடிந்து சாய்ந்துகொண்டிருந்தன. தட்டில் உருகித் தேங்கிய மெழுகைத் தொண்டர் ஒருவர் தகரத்தால் வழித்து வாளியில் போட்டார். பெரியம்மா ஒவ்வொன்றையும் ஒரு பேரைச் சொல்லி ஏற்றினார். பேரப்பிள்ளைகள், கோலக்கெட்லில் தோட்டத்து லயத்தில் கூட இருந்தவர்கள், அக்கா. கடைசியாக ஒன்று என் பெயருக்கு. "எனக்குத்தான் வராதே, பெரியம்மா" என்றேன். "தெரியும். அதான் நான் சொல்றேன். நீ பக்கத்துல நில்லு, போதும்" என்றார்.

அன்றைய தமிழ்த் திருப்பலியில் பங்குத்தந்தை, திருமுழுக்கு யோவானைப் பற்றிப் பேசினார். யோர்தான் ஆற்றில் இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த அதே யோவான், சிறையிலிருந்து ஆள் அனுப்பி, "வரவிருப்பவர் நீர்தாமா?" என்று கேட்கிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள் என்று போய்ச் சொல்லச் சொல்கிறார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, மனிதராய்ப் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்கிறார். ஆனால் சிறைக்கதவு திறக்கவில்லை, யோவானின் தலைதான் போனது. இதைச் சொல்லாமல் தாண்டிப் போகும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். இவர் சொன்னார். கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்.

எனக்கு அதில் வேறொன்று பிடிபட்டது. யோவான் தானாகப் போய்க் கேட்க முடியாத இடத்தில் இருந்தார், சீடர்கள்தான் அந்தக் கேள்வியைச் சுமந்து போனார்கள். கப்பர்நாகூமில் நால்வர் கூரையைப் பிரித்து முடக்குவாதமுற்றவரை இறக்கியபோதும், மாற்கு எழுதுவது "அவர்களுடைய நம்பிக்கையை" இயேசு கண்டார் என்றுதான். படுக்கையில் கிடந்தவர் என்ன நம்பினார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இத்தனை நாளும் என் கணக்கில் நம்பிக்கை என்றால் அவரவர் சம்பாதிக்கும் காசு. பெரியம்மா எனக்காக ஏற்றிய மெழுகுவர்த்தியைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு நிற்கவில்லை.

அன்னை தெரேசாவின் நினைவும் வந்தது. 1997இல் அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து வெளிவந்த கடிதங்களில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடவுள் இல்லாததுபோன்ற இருளில் இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் விடியற்காலைச் செபத்தை விடவில்லை, கல்கத்தாவில் சாகக் கிடந்தவர்களைத் தூக்குவதையும் விடவில்லை. அப்போது படித்து ஆச்சரியப்பட்டதோடு சரி.

திருப்பலி முடிந்து ஊற்றுத் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றோம். பெரியம்மா மடித்து வைத்திருந்த பைக்குள்ளிருந்து காலிப் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பை தூக்க ஆள் கேட்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

எனக்குச் செபம் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் பொய். செபமாலையில் பாதியில் மனம் எங்கோ போய்விடுகிறது. விசுவாசப் பிரமாணத்தில் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" வரும்போது அக்கா முகம் வந்து குரல் அடைக்கிறது. பக்கத்தில் பெரியம்மா அந்த வரியைக் கணீரென்று சொல்வார், அதன் மேல் ஏறி நானும் சொல்லி முடிக்கிறேன். தண்ணீர் தீர்ந்துவிட்டதாம், அடுத்த ஜூலை வரை காத்திருக்க முடியாது என்கிறார். கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் போனால் குன்றில் சிலுவைப்பாதையும் நிதானமாகச் செய்யலாம். முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.